சுண்ணாம்புச் சுவரில் நான்கு ஜன்னல்கள்

மயிலாப்பூரில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் மாற்றுவதென்றால் பயம். பயம் ஜன்னலைப் பற்றியது அல்ல, சுவரைப் பற்றியது. எண்பது தொண்ணூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவர். டிரில்லை வைத்தால் செங்கல் மாவாகக் கொட்டும். ஸ்க்ரூ பிடிக்காது. இன்னும் கொஞ்சம் பெரிய துளை, அதைவிடப் பெரிய துளை என்று போய், கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட வேண்டிவரும். அப்படித் தவிப்பவர்களிடம் யாராவது ஒருவர் சொல்வார்:

"கோதண்டபாணின்னு ஒருத்தர் இருக்கார். ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. சுவத்துல ஒரு துளை போட மாட்டார். ஆனா ஜன்னல் நிக்கும்."

பதினான்கு வருடமாக லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரை இந்தப் பேச்சுதான் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அவனிடம் கடை இல்லை. போர்டு இல்லை. அட்டை அடித்தது இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது மட்டும்தான்.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. கோட்டூர்புரத்துக்குப் பின்னால் அடையாற்றங்கரையில் பிறந்தவன். வெள்ளம் வந்துபோன பிறகு, தெருவோடு சேர்த்து ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்கு இரண்டு பஸ். இருபது வயதில் கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடும் வேலைக்குப் போனான். அங்கே ஒரு ஜன்னல் மூன்று நாள் நின்றால் போதும். பின்னாலிருந்து ஆப்புக் கட்டைகளைச் செருகி நிறுத்திவிடுவார்கள். படம் எடுத்து முடித்ததும் தட்டினால் விழுந்துவிடும். விழாமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. பிறகு கிண்டியில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் கம்பெனி நான்கு நாள் பயிற்சி கொடுத்தது. பீய்ச்சினால் பொங்கி இறுகும் ஃபோம் இடைவெளியை அடைக்கத்தான், தாங்குவது ஸ்க்ரூதான் என்று அங்கே சொன்னார்கள். மந்தைவெளியில் ஒரு வீட்டுச் சுவர் எந்த ஸ்க்ரூவையும் ஏற்காமல் உதிர்ந்தபோது, வேறு வழியில்லாமல் ஃபோமை மட்டும் நம்பி, கட்டைகளை இரண்டு நாள் எடுக்காமல் விட்டான். அந்த ஜன்னல் இன்றைக்கும் நிற்கிறது.

செட் வேலையிலும், கிண்டிப் பயிற்சியிலும், மந்தைவெளி வீட்டிலும் அவனோடு இருந்தவன் தணிகாசலம். ஆற்றங்கரையில் நான்கு வீடு தள்ளிப் பிறந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. வீடு ஒதுக்கியபோதும் அடுத்தடுத்த பிளாக் கிடைத்தது. ஜன்னலைத் தனி ஆளாகத் தூக்கி வைக்க முடியாது, உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் வேண்டும். உள்ளே கோதண்டபாணி, வெளியே தணிகாசலம். இப்படித்தான் பதினான்கு வருடம்.

வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். பழைய மரச் சட்டத்தை அறுத்து எடுத்ததும் சுவரின் வாயைப் பிரஷால் தேய்த்துத் தூசி போக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் இதற்கே அரை நாள் ஆகும். பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் ஃபோம் மேலே காய்ந்தது போலக் காட்டிவிட்டு உள்ளே பிசினாகக் கிடக்கும். புதுச் சட்டத்தை வைத்து, நான்கு பக்கமும் கட்டைகளை இரண்டிரண்டாக எதிரெதிரே செருகி, ரசமட்டம் பார்த்துத் தட்டித் தட்டி நிறுத்த வேண்டும். இடைவெளியில் ஃபோமை அடித்தால் அது பொங்கி, சுவரின் பொத்தல்களுக்குள் புகுந்து இறுகும். இறுகிய பிறகு கட்டைகளை உருவி, அந்த ஓட்டைகளை அடைத்து, பிதுங்கியதைக் கத்தியால் சீவி, சிலிக்கான் பசை பூசினால் முடிந்தது.

எல்லாம் கட்டையை எப்போது உருவுவது என்பதில் இருக்கிறது. கம்பெனி சொன்னது ஒரு நாள். கோதண்டபாணி சொல்வது இரண்டு நாள். வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள், கிருகப்பிரவேசம் என்பார்கள், கோபப்படுவார்கள். அவன் அசைய மாட்டான். அதேபோல இரண்டடிக்கு மூன்றடி ஜன்னல்தான், அதுவும் தரைத்தளத்தில்தான். அதற்கு மேல் கேட்டால், "அதுக்கு ஸ்க்ரூ ஓணும்மா, வேற ஆளைப் பாருங்க" என்று எழுந்துவிடுவான்.

"பாணி தண்ணி தெளிச்சுட்டு உக்கார்ந்தான்னா ரெண்டு நாள் எழுந்திரிக்க மாட்டான்" என்று தணிகாசலம் மற்ற வேலையாட்களிடம் சொல்வான். "தண்ணி செவுத்துக்கா இவுருக்கான்னு வூட்டுக்காரங்களுக்கே டவுட்டு வந்துரும்." எல்லாரும் சிரிப்பார்கள். கோதண்டபாணியும் சிரிப்பான். அவன் குடிப்பதில்லை.

ஐந்து வருடமாக அவர்களுக்கு வேலையில் பாதி வைதேகியிடமிருந்து வந்தது. அடையாறு காந்தி நகரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட். பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தருபவள். நவம்பரில் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினாள். ஜெயபாரதி என்று ஒரு மாமி, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். தனியாக இருக்கிறாள். சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் இரண்டு, கூடத்தில் ஒன்று, மொத்தம் நான்கு சின்ன ஜன்னல்கள். ஸ்க்ரூ இல்லாமல் போடலாம் என்று வைதேகி மாமிக்கு எழுதியே கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நான்கு ஜன்னலுக்கும் ஃபோம் அடித்து முடித்தார்கள். மறுநாள் திண்டிவனத்தில் கோதண்டபாணியின் மனைவி தேவானையின் பெரியப்பாவுக்குக் காரியம். போய்த் திரும்ப செவ்வாய் ஆகும்.

"திங்கக்கெழமை மத்தியானம் வந்து கட்டைய உருவு. அதுக்கு முன்னால கை வெக்காத" என்றான் கோதண்டபாணி.

"இன்னா மச்சி, புதுசா எனக்கு சொல்லிக்கினு கீற" என்றான் தணிகாசலம். "நீ போய் காரியத்த பாரு."

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டைகள் பையில் இருந்தன. சீவிய இடம் சுத்தமாக இருந்தது. சிலிக்கான் நேர்க்கோடாக ஓடியது. மாமி காபி கொடுத்தாள்.

அதிலிருந்து பதினோராவது நாள் புயல் காற்று அடித்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறை ஜன்னல் சட்டத்தோடு உள்ளே விழுந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு மாமி கூடத்துக்கு வந்திருந்தாள். பால் பாத்திரத்துக்குள் கண்ணாடி கிடந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வைதேகி போன் செய்தாள்.

"பாணி, நீங்க ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"இன்னா மேடம்?"

விழுந்ததைச் சொன்னாள். பிறகு, "சுவருக்குத் தண்ணியே தெளிக்கலையாமே. ஊருக்குப் போற அவசரத்துல வறண்ட சுவர்ல அடிச்சிட்டீங்கன்னு தணிகாசலம் சொல்றார். அவர் சொல்லியும் நீங்க கேக்கலையாம்."

"யாரு சொன்னது?"

"தணிகாசலம். நேத்து சாயங்காலமே போய்ப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணார்."

கோதண்டபாணி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். ஏதோ தப்பாகக் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். தணிகாசலத்துக்குப் போன் செய்தான். மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவது முறை, ஒரு மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது.

மாமி அவனை உள்ளே விடவில்லை. விழுந்த ஜன்னல் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் கிடந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டத்தைத் திருப்பினான்.

தண்ணீர் தெளிக்காத ஃபோமை அவனுக்குத் தெரியும். நடுவில் மஞ்சளாகப் பிசுபிசுக்கும். இதில் அப்படி இல்லை. கத்தியால் ஒரு துண்டு அறுத்துப் பார்த்தான். நடுவரைக்கும் வெந்தது போல இறுகியிருந்தது. பிறகு சட்டத்தின் மேல்பக்கத்து ஃபோமைப் பார்த்தான். நல்ல ஃபோமில் கண்கள் உருண்டையாக இருக்கும், ரவா தோசை மாதிரி. இதில் எல்லாக் கண்களும் மேலிருந்து கீழாக நீண்டு, நூல் நூலாக இருந்தன. ஜவ்வுமிட்டாயைப் பிடித்து இழுத்தால் வருவது போல. உள்ளே இளக்கமாக இருக்கும்போதே கீழ்க்கட்டைகளை உருவியிருக்கிறார்கள். ஜன்னல் தன் கனத்தில் ஒரு நூல் அளவு கீழே உட்கார்ந்திருக்கிறது. மேல்பக்கம் சுவரைவிட்டுக் கிழிந்து, கிழிந்தபடியே இறுகியிருக்கிறது. மூன்று மணி நேரம், மிஞ்சிப்போனால் நான்கு. திங்கட்கிழமை உருவிய கட்டை இல்லை இது. சனிக்கிழமை சாயங்காலமே உருவியது.

எழுந்து வெளியிலிருந்தே மற்ற ஜன்னல்களைப் பார்த்தான். மூன்றிலும் மேல் விளிம்பில் சிலிக்கான் மயிரிழை அளவு விட்டிருந்தது.

அறுத்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காந்தி நகருக்குப் போனான். வைதேகி அங்கே ஒரு கான்கிரீட் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, ஸ்க்ரூ வைத்தே, ஜன்னல் வேலை எடுத்திருந்தாள். பன்னிரண்டு ஃபிளாட். அடுத்த வாரம் இருவரும் தொடங்குவதாக இருந்த வேலை அது. தணிகாசலம் வேறு இரண்டு ஆட்களோடு இரண்டாவது ஃபிளாட்டில் இருந்தான்.

கோதண்டபாணி ஃபோம் துண்டை நீட்டினான். தணிகாசலம் அதை வாங்கிப் பார்த்தான். பதினான்கு வருடம் ஃபோம் அடித்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆட்களைப் பார்த்து, "டீ சாப்ட்டு வாங்க" என்றான்.

அவர்கள் போனதும், "அஞ்சு மணிக்கு, மாமி கோயிலுக்கு போனப்ப, வெளிய நின்னே எடுத்தேன்" என்றான். "கல்லு மாரி இருந்துச்சு மச்சி, மேல. நாயித்துக்கெழம இங்க மாதிரி ஜன்னல் ஒண்ணு போட்டுக் காட்டணும். மேடம் கேட்டாங்க. கட்டை எல்லாம் மாமி வூட்ல மாட்டிக்கினு இருந்துச்சு."

"இந்த வேலைய மேடம் நம்ம ரெண்டு பேருக்குத்தான குடுத்தாங்க."

தணிகாசலம் ஜன்னல் விளிம்பைத் தடவினான். "மொதல்ல அப்டிதான் பேச்சு. அப்றம் நான் தனியா பேசிக்கினேன். எவ்ளோ நாளிக்கு மச்சி வெளியவே நின்னுக்கினு இருக்கிறது? எல்லாரும் பாணி பாணின்றான். வெளிய நின்னு புடிக்கிறவன் பேரு எந்த வூட்டுக்காரனுக்காவது தெரியுமா? சொல்லு."

"அதுக்கு தனியா வேல எடு. நான் வாணாம்னா சொல்லுவேன்? நான் தண்ணி தெளிக்கலன்னு ஏன்டா சொன்ன?"

"பின்ன நான் உருவிட்டேன்னு சொல்ல சொல்றியா? இந்த வேல போய்ரும்." பிறகு சமாதானம் சொல்வது போல, "உன் பேரு பெருசு மச்சி. ஒரு ஜன்னல் வுழுந்தா தாங்கும். என் பேரு இப்பதான் ஆரம்பிக்குது. அது தாங்காது" என்றான்.

கோதண்டபாணி அவன் முகத்தையே பார்த்தான். கேலி செய்கிறானா என்று பார்த்தான். இல்லை. அவன் அதை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து வைதேகியின் ஆபீஸ் நடக்கும் தூரம். அவள் மேஜைமேல் துண்டை வைத்தான். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து ஒரு முறை பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "நேத்து ராத்திரி மாமி போட்டோ அனுப்பினாங்க. ஃபோம் இழுபட்டிருக்கு. எனக்குத் தெரியாதா பாணி?"

"அப்ப காலைல எனக்கு போன் பண்ணும்போதே..."

"உக்காருங்க."

அவன் உட்காரவில்லை.

"ஸ்க்ரூ இல்லாம போடலாம்னு மாமிக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். முறை தப்புன்னு ஆச்சுன்னா நான் தப்பு. ஆள் தப்புன்னா அது ஆளோட போயிடும். தணிகாசலம் தப்புன்னு சொன்னா பன்னிரண்டு ஃபிளாட்டுக்காரங்களும் நாளைக்கே வேலைய நிறுத்துவாங்க. மாமிக்கு இன்னிக்குக் காலைல மெயில் போட்டுட்டேன். உங்க பேர் போட்டுத்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு ஆறு மாசம் போகட்டும். நானே கூப்பிடறேன். உங்க வேலை எனக்குத் தெரியாதா?"

தெரியாத ஒருத்தி சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பான். இவளுக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே சொல்கிறாள். "அந்த மூணு ஜன்னலும் வுழும் மேடம்" என்று மட்டும் சொன்னான். "நாளைக்கே தணிகாசலத்தை அனுப்பறேன்" என்றாள் வைதேகி.

மாமியின் வீட்டுக்கு இரண்டாவது முறை போனபோது மணி நான்கு. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே மாமி கேட்டாள். அவன் துண்டைக் காட்டி, நீண்ட கண்களைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னான். மாமி துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செடிகொடிகளை நறுக்கிப் பார்த்துப் பழகியவள். அவள் பார்த்த விதத்தில் அவனுக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

"இருங்கோ, வைதேகிகிட்டயே கேட்டுடறேன்" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, மாட்டிக்கிட்டவங்க அடுத்தவங்களைத்தான் கைகாட்டுவாங்க" என்றது வைதேகியின் குரல். பதற்றமே இல்லாத குரல். "இத்தனை வருஷம் பழகினவர், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

மாமி போனை அணைத்தாள். "உங்களைக் காப்பாத்தணும்னு அவளுக்கும் இருக்கு பாருங்கோ. சுவத்தைப் பத்தி நீங்க சொன்னதை நம்பித்தானே ஒத்துண்டேன். ஆத்துல நான் ஒருத்திதான் இருக்கேன். தப்பு நடந்துடுத்துன்னு சொல்லியிருந்தேள்னா கூட மனசு ஆறியிருக்கும். இப்ப இன்னொருத்தர் மேல தூக்கிப் போடறேள்."

"இல்லம்மா."

"நாளைக்கு அவர் வந்து நாலுக்கும் ஸ்க்ரூ போட்டுத் தரேன்னுட்டார்."

"இந்த செவுத்துல ஸ்க்ரூ நிக்காதும்மா. கொட்டிரும்."

"இனிமே நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாள் மாமி. கோபமாக இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அவன் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "ராத்திரிக்கு ஜன்னல் பக்கத்துல படுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

பஸ் மத்திய கைலாஷைத் தாண்டியபோது போன் அடித்தது. தணிகாசலம்.

"மச்சி, அந்த மாமி வூட்டு செவுத்துல ஸ்க்ரூ நிக்காது இல்ல?"

"நிக்காது."

"அதான் நானும் நெனச்சேன். மாமிகிட்ட ஸ்க்ரூன்னு சொல்லிட்டேன். மறுபடி ஃபோமே அடிச்சிர்றேன். மேல சும்மா ஸ்க்ரூ மூடி மட்டும் ஒட்டி வுட்டா ஸ்க்ரூ இருக்கிற மாரி வெள்ளையா தெரியும், அவங்களுக்கு தெரியவா போவுது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. புயல் மழைல செவுரு ஊறிக்கினு கீது. இந்த ஈரத்துல ஒரு நாள் போதுமா, இல்ல ரெண்டு வுடணுமா?"

கண்டக்டர் யாரிடமோ சில்லறை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். இப்போது போனை வைத்துவிட்டால் தணிகாசலம் ஒரு நாளில் உருவுவான். அது கோதண்டபாணிக்குத் தெரியும். உருவினால் திரும்பவும் விழும். விழுந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், யார் கையில் தப்பு என்று. மாமிக்கு, வைதேகிக்கு, லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரைக்கும். அவன் பெயர் திரும்பி வந்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். அந்த நினைப்பு அவ்வளவு சுலபமாக வந்ததைப் பார்த்து அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சி, கீறியா?"

"மூணு நாள்" என்றான் கோதண்டபாணி. "ஊறின செவுரு. முழுசா மூணு நாள். பழைய ஃபோம ஒரு பொட்டு இல்லாம சொரண்டிட்டு அடி. சும்மா மேல மேல அடிக்காத."

"ரொம்ப தேங்க்ஸ் மச்சி. மனசுல எதுவும் வெச்சுக்காத."

தேவானையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "நீ எதுக்குயா சொல்லிக் குடுத்த?" என்றாள். அவன் கழுவிய பாத்திரங்களை எடுத்து அடுக்கினான். அன்றிலிருந்து தணிகாசலம் இருக்கும் பிளாக்கைத் தாண்ட வேண்டியிருந்தால் அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

வைதேகி ஆறு மாதம் கழித்துக் கூப்பிடவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை. மாமி நல்லவள், யாரிடமும் போய்ச் சொல்கிறவள் இல்லை. ஆனால் கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. பழைய வீடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு இருக்கிறது. தேவானை சமையல் வேலை செய்யும் மந்தைவெளி வீட்டம்மாவே அவளிடம் சொன்னாள்: சுண்ணாம்புச் சுவரில்கூட உதிராமல் ஸ்க்ரூ போட ஒரு ஆள் இருக்கிறாராம், தணிகாசலம் என்று. லஸ் பக்கத்தில் ஒரு மாமி வீட்டில் போட்டிருக்கிறாராம். ஒரு வருடமாகக் கல் மாதிரி நிற்கிறதாம்.

கோதண்டபாணி இப்போது வேளச்சேரியில் ஒரு கம்பெனிக்கு ஜன்னல் மாட்டுகிறான். எல்லாம் புதுக் கான்கிரீட். காலையில் டிரில்லைக் கையில் கொடுக்கிறார்கள். ஒரு ஜன்னலுக்கு எட்டு ஸ்க்ரூ, ஒரு நாளைக்குப் பத்து ஜன்னல். ஈரம் பார்க்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். சூப்பர்வைசர் சுஹாஸ் சாயங்காலம் வந்து எண்ணிவிட்டுப் போகிறான். எந்த ஜன்னலை யார் போட்டது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.